மங்கிய மேனியும் மலைநகர் மருத்துவமும்: நீலகிரியில் தோல் வாசிக்கப்பட்ட வரலாறு (1819–1958)

ஆய்வுச் சுருக்கம்

களையிழந்த, வறண்ட தோலுக்கு மீண்டும் பொலிவூட்டுவது இன்று ஒப்பனைப் பொருள் வணிகத்தின் துறையாகக் கருதப்படுகிறது. ஆயின் அதே தோல், காலனியக் காலத்திலும் அதன் பின்னரும், மருத்துவர்களும் ஆட்சியாளரும் ஊன்றி நோக்கிய ஒரு சான்றாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் உருவான நலவாழ்வு மையம் மங்கிய மேனிக்குத் தட்பவெப்பத்தைக் காரணமாக்கியது. 20ஆம் நூற்றாண்டில் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகம் அக்காரணத்தை உணவில் தேடியது. ஒரே மலையில் நிகழ்ந்த இவ்விரு வாசிப்புகளையும், இரண்டாவது வாசிப்பு இனம் சார்ந்த விளக்கத்திலிருந்து வறுமை சார்ந்த விளக்கத்திற்கு நகர்ந்த முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நீலகிரி, குன்னூர், தோல், தேரைத்தோல், ஊட்டச்சத்து, மெக்காரிசன், அய்க்ராய்டு, காலனிய மருத்துவம்.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் மேனியின் நிறமாற்றம் வெறும் அழகுக்குறை அன்று. அது ஒரு செய்தி. பிரிவால் வாடும் தலைவியின் மாமை நிறம் கெட்டுப் பசலை படர்வதைச் சங்கப் பாடல்கள் பீர்க்கம்பூவின் நிறத்தோடு ஒப்பிடுகின்றன. திருக்குறளின் 119ஆம் அதிகாரம் ‘பசப்புறு பருவரல்’ என்றே பெயர் பெற்றுள்ளது. தலைவி வாய்திறந்து சொல்லாததைத் தோழி அவள் மேனியிலிருந்து அறிந்துகொள்கிறாள். தாயோ அதே மாற்றத்தைக் கண்டு, முருகு அணங்கியது எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பிக்கிறாள். குறி ஒன்றே, வாசிப்பு இரண்டு. தவறான வாசிப்பு தவறான மருந்துக்கு இட்டுச்செல்கிறது என்பதை அகமரபு நன்கு அறிந்திருந்தது.

நீலகிரி மலையில் ஏறத்தாழ 140 ஆண்டுக் காலம் நிகழ்ந்த மருத்துவ வரலாற்றை அணுகுவதற்கு இவ்வகமரபு ஒரு கண்ணோட்டத்தை அளிக்கிறது. களைத்து மங்கிய தோலை யார் பார்த்தனர், யாருடைய தோலைப் பார்த்தனர், எதைக் காரணம் என்றனர், எதை மருந்தாக அளித்தனர் என்னும் நான்கு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது. கட்டுரையின் தொடக்க எல்லை, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்ற 1819. இறுதி எல்லை, குன்னூர் ஆய்வகம் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்த 1958.

காற்றே மருந்து: உதகையின் நலவாழ்வு மையம்

1819இல் நீலகிரிக்கு ஏறிய சல்லிவன், மலையின் குளிர்ச்சி ஐரோப்பியர் உடலுக்கு ஏற்றது என்பதைத் தொடர்ந்து அரசிடம் வலியுறுத்தினார். 1820களின் தொடக்கத்தில் உதகையில் அவர் எழுப்பிய கல்வீடு அவ்வூரின் ஐரோப்பியக் குடியேற்றத்திற்குத் தோற்றுவாய் ஆயிற்று. 1827 முதல் 1832 வரை சென்னை ஆளுநராக இருந்த ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் காலத்தில், நோயுற்ற படைவீரர்களும் அலுவலர்களும் உடல் தேறுவதற்கான இடமாக உதகை வளர்க்கப்பட்டது. ஜேம்ஸ் ஹஃப் 1829இல் லண்டனில் வெளியிட்ட கடிதங்களும், மருத்துவர் ராபர்ட் பெய்கி 1834இல் கல்கத்தாவில் வெளியிட்ட நூலும் மலையின் தட்பவெப்பத்தை ஒரு மருந்துப் பொருளைப் போலவே விளக்கின. எந்நோய்க்கு ஏற்றது, எதற்கு ஒவ்வாதது, எப்பருவத்தில் வருதல் நன்று என்னும் வினாக்களுக்கு அவை விடை கூற முயன்றன.

அக்கால மருத்துவச் சிந்தனையில் வெப்பநாட்டு வாழ்க்கை ஐரோப்பியரின் ஈரலையும் குருதியையும் கெடுப்பதாகக் கருதப்பட்டது. அதன் வெளிப்படையான அடையாளம் முகம். வெளிறியும் மஞ்சள் பாய்ந்தும் தளர்ந்த முகத்துடன் மலையேறுவோர் கன்னத்தில் செம்மையுடன் இறங்குவர் என்பது மலைநகர் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் கருத்து. குழந்தைகளின் கன்னச் சிவப்பு இதற்குச் சிறப்பான சான்றாகக் காட்டப்பட்டது. படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1858இல் உதகையில் தொடங்கப்பட்டுப் பின்னர் லவ்டேலில் நிலைபெற்ற லாரன்ஸ் கல்வி நிலையத்தின் பின்னணியிலும் இக்கருத்தே செயல்பட்டது. மலைநகரங்கள் குறித்து டேன் கென்னடி 1996இல் வெளியிட்ட ஆய்வு, இந்நம்பிக்கை உடல்நலத்தோடு மட்டுமன்றி, இன அடையாளத்தைப் பேணும் கவலையோடும் பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டியுள்ளது. கன்னம் சிவத்தல் என்பது நலம் பெறுதல் மட்டும் அன்று. ஐரோப்பியர் ஐரோப்பியராகவே நீடித்தலும் ஆகும்.

எல்லாரும் இதை நம்பினர் எனக் கொள்ளல் இயலாது. நோய்விடுப்பில் நீலகிரிக்கு வந்த ரிச்சர்டு பர்ட்டன் 1851இல் வெளியிட்ட பயண நூல், உதகை வாழ்க்கையின் சலிப்பையும் போலிமையையும் எள்ளலுடன் சித்திரிக்கிறது. ஆயினும் தட்பவெப்பமே தோலின் விதியை வகுக்கிறது என்னும் அடிப்படை எடுகோள் நூற்றாண்டின் இறுதி வரை வலுவுடன் நீடித்தது.

இவ்வாசிப்பில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. மலைச்சாலைகளை வெட்டியும் சிங்கோனா, காப்பி, தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும் வந்த கூலித் தொழிலாளரின் தோல் இதில் இடம்பெறவில்லை. ஐரோப்பியர் கன்னத்திற்கு மருந்தாகச் சொல்லப்பட்ட அதே குளிர்காற்று, போதிய போர்வையும் உணவும் இன்றிச் சமவெளியிலிருந்து வந்தவர்களுக்குத் துன்பமாகவே அமைந்தது. தட்பவெப்பம் தனித்து நின்று மருந்தாகவில்லை. ஓய்வும் பாலும் இறைச்சியும் காய்கறியும் உடன் வந்தபோதே அது மருந்தெனத் தோன்றியது. நலவாழ்வு மையத்தின் மருத்துவர்கள் காற்றைக் கண்டனர். உணவுத் தட்டைக் காணவில்லை.

ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வு

உணவுத் தட்டைக் காணும் முயற்சி அதே மலையின் மற்றோர் ஊரில் தொடங்கியது. 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அந்நிலையத்தின் ஒற்றை அறையில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அது 1925இல் குறைநோய் ஆய்வாக விரிந்து, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக உருப்பெற்றது. அதன் முதல் இயக்குநராக மெக்காரிசன் 1935 வரை பணியாற்றினார்.

பெரிபெரி பற்றிய ஆய்வு அரிசியைப் பற்றிய ஆய்வாக மாறியது. மெக்காரிசனும் நாரிஸும் 1924இல் வெளியிட்ட ஆய்வேடு அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்போரிடையே அந்நோய் மிகுந்தும், புழுங்கலரிசி உண்போரிடையே குறைந்தும் காணப்பட்டது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய தவிட்டுப் பகுதியின் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குவதே இதற்குக் காரணம். தமிழகத்து வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த நெல் அவிக்கும் வழக்கத்திற்கு அறிவியல் விளக்கம் கிடைத்த தருணம் அது.

மெக்காரிசனின் புகழ்பெற்ற சோதனை 1920களின் பிற்பகுதியில் எலிகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டது. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவு முறைகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து, அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, சிறிதளவு இறைச்சி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட ‘மதராசி’ உணவை உண்டவை கடையிடம் பெற்றன. பிரித்தானிய ஏழை மக்களின் உணவையும் அவர் இவ்வாறே சோதித்தார். வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர் முதலியவற்றை உண்ட எலிகளின் மயிர் பளபளப்பிழந்து சிலிர்த்து நின்றதாகவும், நல்லுணவு உண்டவை வழவழப்பான மேனியுடன் இருந்ததாகவும் அவர் பதிவு செய்தார். மேற்றோலின் பொலிவு இங்குத் தட்பவெப்பத்தின் விளைவு அன்று, உணவின் விளைவு எனக் கூறப்பட்டது. எல்லா எலிகளும் ஒரே குன்னூர்க் காற்றையே சுவாசித்தன என்பது நோக்கத்தக்கது. நலவாழ்வு மையத்தின் அடிப்படை எடுகோளை அதே மலையின் எலிக்கூண்டுகள் மறுத்தன.

ஆயினும் இச்சோதனையின் சொல்லாட்சியில் ஒரு சிக்கல் இருந்தது. உணவுகள் ‘சீக்கியர்’, ‘பத்தானியர்’, ‘மராத்தியர்’, ‘மதராசி’ என இனப் பெயர்களால் வழங்கப்பட்டன. உடல் வேறுபாட்டுக்குப் பிறப்பினும் உணவே முதன்மைக் காரணம் என மெக்காரிசன் வாதிட்டது ஒரு முன்னேற்றம். ஆனால் உணவையே இனத்தின் பண்பாகப் பெயரிட்டமையால் இனம் பின்வாசல் வழியே திரும்ப நுழைந்தது. பஞ்சாபில் பாலும் வெண்ணெயும் இன்றி வாழ்ந்த ஏழைச் சீக்கியரும், சென்னை மாகாணத்தில் நெய்யும் தயிரும் நிறைய உண்ட செல்வரும் இவ்வகைப்பாட்டுக்குள் மறைந்துபோயினர். இந்தியாவில் ஊட்டக்குறை ‘கண்டறியப்பட்ட’ வரலாற்றை டேவிட் ஆர்னால்டு 1994இல் ஆராய்ந்தபோது எழுப்பிய வினாக்கள் இத்தொடர்பில் இன்றியமையாதவை.

தேரைத்தோல்: நோய்க்குக் கிடைத்த பெயர்

1930களில் உலகின் வெவ்வேறு பகுதிகளில் மருத்துவர்கள் ஒரே வகையான தோல் மாற்றத்தைக் காணத் தொடங்கினர். பெக்கிங்கில் ஃப்ரேசியரும் ஹூவும் 1931இல் அதனை வைட்டமின் ஏ குறையோடு தொடர்புபடுத்தினர். 1933இல் உகாண்டாவிலிருந்து லோவெந்தால் இதையொத்த கருத்தை வெளியிட்டார். அதே ஆண்டில், கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் இதற்கு ‘ஃபிரினோடெர்மா’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதன் பொருள் தேரைத்தோல்.

இந்நிலையில் தோல் முதலில் வறண்டு களையிழக்கிறது. பின்னர் முழங்கை, முழங்கால், தொடை, புட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் தடித்துக் கூர்மையான சிறு முடிச்சுகளாகின்றன. ஒவ்வொரு முடிச்சின் நடுவிலும் காய்ந்த தோற்பொருள் அடைத்து நிற்கிறது. கையால் தடவினால் அரத்தைத் தொட்டாற்போல் இருக்கும்.

நிக்கோல்ஸ் கையாண்ட உவமை தமிழர்க்குப் புதியதன்று. உள்ளீடு சுருங்கிய தேங்காயைத் ‘தேரை மோந்த தேங்காய்’ என்பது நம் வழக்கு. குழந்தை மெலிந்து தோல் சுருங்குவதைத் தேரை தோஷம் என நாட்டு மருத்துவம் வழங்கிவந்துள்ளது. இரண்டும் ஒரே நோயைக் குறிப்பன எனக் கொள்வது பிழையாகும். நாட்டு வழக்கு தேரையை நோயின் காரணமாகக் காண்கிறது; நிக்கோல்ஸ் தேரையைத் தோலின் தோற்றத்திற்கு உவமையாக மட்டுமே கொள்கிறார். ஆயினும் ஊட்டமிழந்த உடலைக் குறிக்க இரு மரபுகளும் ஒரே உயிரினத்தை நாடியமை கருதத்தக்கது.

மெக்காரிசனுக்குப் பின் 1935இல் குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு, ஆய்வின் களத்தை எலிக்கூண்டிலிருந்து பள்ளிக்கூடத்திற்கும் மாணவர் விடுதிக்கும் விரித்தார். அவரும் ராஜகோபாலும் 1936இல் தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளின் ஊட்ட நிலை பற்றிய ஆய்வை வெளியிட்டனர். உயரம், எடை ஆகியவற்றோடு கண்ணின் வெண்படலத்தில் தோன்றும் புள்ளிகள், வாயோரப் புண், தோலின் சொரசொரப்பு ஆகியவை ஊட்டக்குறையின் அடையாளங்களாக நோக்கப்பட்டன. குழந்தையின் வீட்டு வரவு செலவைக் கேட்காமலேயே அதன் முழங்கையைத் தொட்டு வீட்டின் நிலையை அறியலாம் என்னும் நிலை உருவாயிற்று. தோல் ஓர் ஆவணமாயிற்று.

சொல்லாட்சியிலும் மாற்றம் நிகழ்ந்தது. அய்க்ராய்டின் குழுவினர் ‘மதராசி உணவு’ என்பதைவிட ‘ஏழை அரிசியுண்போர் உணவு’ என்னும் தொடரையே பெரிதும் கையாண்டனர். இது சிறு மாற்றம் எனத் தோன்றலாம். ஆயின் ‘ஏழை’ என்னும் ஓர் அடைமொழி, காரணத்தை இனத்திலிருந்து வருவாய்க்கு இடம்பெயர்த்தது. அய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1937இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்து அளித்தபோது குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் மிகுதியாக வளர்ந்ததைக் காட்டியது. அதே ஆண்டில் அய்க்ராய்டும் சென்னைக் கண் மருத்துவர் ரைட்டும் இணைந்து, வைட்டமின் ஏ குறையால் விழைவெண்படலம் நைந்து பார்வை கெடும் நோய்க்குச் செம்பனை எண்ணெய் பயன்படுவதைப் பதிவு செய்தனர். 1937இல் முதன்முதல் வெளிவந்த ‘இந்திய உணவுகளின் ஊட்ட மதிப்பு’ என்னும் குன்னூர்க் கையேடு, முருங்கைக்கீரை, கேழ்வரகு முதலிய எளிய உணவுகளின் சத்துகளை எண்களில் தந்தது. பிற்காலத்தில் பலமுறை திருத்தி வெளியிடப்பட்டு, இந்திய உணவியலின் அடிப்படை நூலாக அது நிலைபெற்றது.

எண்ணெயின் பங்கு: மாறிய விளக்கம்

தேரைத்தோலுக்கு வைட்டமின் ஏ குறையே காரணம் என்னும் முதல் விளக்கம் நெடுநாள் ஐயமின்றி நிற்கவில்லை. கொழுப்பு அறவே நீக்கிய உணவை உண்ட எலிகளின் தோல் செதிலாவதை அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் 1929இலேயே காட்டியிருந்தனர். உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத, உணவின் வழியே பெறவேண்டிய சில கொழுப்பமிலங்கள் உண்டு என்னும் கருத்து அதிலிருந்து பிறந்தது. தேரைத்தோலின் காரணம் குறித்து சி. கோபாலன் 1947இல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் எழுதிய கட்டுரை, வைட்டமின் ஏ மட்டுமே காரணம் என்னும் கொள்கையை ஐயுற்று, கொழுப்பமிலங்களின்பாலும் வைட்டமின் பி தொகுதியின்பாலும் கவனத்தைத் திருப்பியது. சேலத்தில் பிறந்த கோபாலன் பின்னர் இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் தலைமகனாகத் திகழ்ந்தார். குன்னூரில் பணியாற்றிய வி. ராமலிங்கசுவாமி, ஆக்ஸ்ஃபோர்டின் ஹியூ சின்க்ளேருடன் இணைந்து, வைட்டமின் ஏ குறையும் கொழுப்பமிலக் குறையும் எலிகளின் மயிர்க்கால்களில் ஏற்படுத்தும் மாற்றங்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார்.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 1988இல் இலங்கையில் தேரைத்தோல் உற்றோரை ஆராய்ந்தவர்கள் வைட்டமின் ஈ குறையை முன்னிறுத்தினர். ஒரே காரணத்தால் அன்றிப் பல குறைகள் ஒருங்கு கூடுவதால் இந்நிலை தோன்றுகிறது என்பதே பொருத்தமான முடிவாகத் தோன்றுகிறது. இம்முடிவு வரலாற்றாய்வாளர்க்கும் பொருளுடையது. ஏழையின் உணவில் ஒன்று மட்டும் குறைவதில்லை. எண்ணெய் வாங்க இயலாத வீட்டில் பாலும் இல்லை. பால் இல்லாத வீட்டில் பருப்பும் அரிது.

இங்குத் தமிழர் எண்ணெய்க் குளியலையும் நினைவுகூரலாம். சூரியகாந்தி எண்ணெயைத் தோலில் தேய்ப்பதாலேயே இன்றியமையாக் கொழுப்பமிலக் குறையைச் சரிசெய்ய இயலும் என்று 1974இல் ‘லான்செட்’ இதழில் ஒரு மருத்துவக் குழு தெரிவித்தது. நல்லெண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் கணிசமாக உள்ளது. இதனைக் கொண்டு முன்னோர் கொழுப்பமிலத்தை அறிந்திருந்தனர் என வாதிடுவது வரலாறு ஆகாது. ஆனால் வாரந்தோறும் தலைமுதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொள்ள யாரால் இயன்றது என்னும் வினா வரலாற்றுக்கு உரியது. ஒரு குடும்பத்தின் எண்ணெய்ச் செலவு சமையலுக்கே போதாதபோது, குளியல் எண்ணெய் முதலில் கைவிடப்படும். தோலின் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் வறளும்.

மலையும் சமவெளியும்

குன்னூர் ஆய்வகத்தின் அமைவிடத்திலேயே ஒரு முரண் பொதிந்துள்ளது. நலவாழ்வு மையக் கருத்தால் வளர்ந்த குளிர்மலைச் சூழலில்தான் அக்கருத்தை மறுக்கும் ஆய்வு நிகழ்ந்தது. ஆய்வாளர் மலையில் இருந்தனர். ஆய்வுக்குரிய பசியின் பெரும்பகுதி சமவெளியில் இருந்தது. குன்னூரைச் சூழ்ந்திருந்த தேயிலைத் தோட்டங்களிலும் அரிசியை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. இருப்பினும் நீலகிரி என்றவுடன் பொதுநினைவில் எழுவது ஐரோப்பியரின் மாளிகையும் மலர்க்கண்காட்சியுமே அன்றி எலிக்கூண்டுகளோ விடுதிக் குழந்தைகளோ அல்ல.

பொருள்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஆஸ்திரேலிய மரமாகிய யூகலிப்டஸ் 1843இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று தமிழில் அதன் எண்ணெய்க்கு ‘நீலகிரித் தைலம்’ என்பதே பெயர். வந்தேறிய மரம் மலையின் பெயரையே தனதாக்கிக்கொண்டது. மலையின் காற்று நலம் தரும் என்னும் 19ஆம் நூற்றாண்டு நம்பிக்கை சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு இன்றும் சுற்றுலாக் கடைகளில் விற்பனையாகிறது. முகப்பொலிவுக்கான மலைமூலிகை, தேயிலைச் சாறு என வரும் பொருள்கள் அந்நம்பிக்கையின் வாரிசுகளே. முருங்கைக்கீரையையும் கொழுப்பு நீக்கிய பாலையும் பரிந்துரைத்த குன்னூர்க் கையேட்டின் நினைவு அக்கடைகளில் இல்லை.

ஆய்வகத்தையும் முற்றாகப் போற்றிவிட இயலாது. மலிவான உணவால் குறையை நிரப்பும் வழியைத் தேடுவதே அதன் பணியாயிற்று. நிலவுடைமை, கூலி, விலை ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே நின்றன. எலும்பும் தோலுமாக மக்கள் மடிந்த 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது இவ்வெல்லை வெளிப்பட்டது. பஞ்ச விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்த அய்க்ராய்டு, உணவுச் சத்தின் கணக்கு மட்டும் போதாது, உணவு யார் கைக்கு எட்டுகிறது என்பதும் கணக்கில் வரவேண்டும் என்பதை நேரில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

முடிவுரை

1958இல் ஆய்வகம் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நீலகிரியில் தோல் வாசிக்கப்பட்ட வரலாற்றின் ஒரு கட்டம் அத்துடன் நிறைவுற்றது. இக்கட்டுரை வழி மூன்று வாசிப்புகள் புலப்படுகின்றன. முதலாவது, தட்பவெப்பத்தைக் காரணமாக்கி மலைக்காற்றை மருந்தாக்கியது. இரண்டாவது, உணவைக் காரணமாக்கி, அவ்வுணவை இனத்தின் பெயரால் அழைத்தது. மூன்றாவது, உணவின் பின்னால் நின்ற வறுமையைப் பெயரிட்டது. மூன்றாவது வாசிப்பே குறியின் மூலத்தை மிக நெருங்கியது. எனினும் அதற்குரிய மருந்து ஆய்வகத்தின் கையில் இல்லை.

மங்கிய தோலைப் பொலிவாக்கும் முறைகள் இன்று எண்ணற்றவை. தூய்மை செய்தல், பூசுதல், தேய்த்தல் என அவை விரிகின்றன. அவற்றுள் பயன் தருவனவும் உண்டு. ஆயினும் பள்ளிக் குழந்தையின் சொரசொரப்பான முழங்கையைக் காணும் ஆசிரியரும் மருத்துவரும் அங்குப் பூச்சுக்கு முன் உணவை வினவ வேண்டும் என்பது குன்னூர் தந்த பாடம். அகப்பாடல்களின் தாய் வேலனை அழைத்தாள். தோழி காரணத்தை அறிந்திருந்தாள். மேனியின் குறியை வாசிக்கும் துறைகளுக்குத் தேவைப்படுவது தோழியின் அறிவே ஆகும்.